மாம்பழ வாசனை

என் பெயர் மணிகண்டபிரபு. வயது இருபது. திருப்பூரில் பனியன் கம்பெனி அறையில் இருக்கிறேன். செல்வலட்சுமி அக்கா, நம் பேச்சில் சொன்னால் இந்த போன் தப்பாக எழுதுகிறது. அதனால் புத்தகத்தில் வருவதுபோல் சொல்கிறேன். சிரிக்காதே.

நேற்று தம்பி சோலைராஜ் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தான். அம்மா பட்டாசு ஆபீசில் வெடி சுற்றிவிட்டு அப்போதுதான் வந்தாள். வந்ததும் வழக்கம்போல, "ஏலே, வாய ஊதுல" என்றாள். ஊதினான்.

"பீடி நாத்தம் இல்ல. மாம்பழமால்லா மணக்குது! எம்புள்ள தங்கம்."

நான் திரையை உற்றுப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால், டிவி பக்கத்தில், ஏதோ ஒன்று நீல விளக்கோடு சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

"என்னதுல அது?"

"பென்டிரைவுண்ணே" என்று போனைத் திருப்பிக்கொண்டான்.

என் கூடப் படித்த சுடலைமணியும் இப்படித்தான் மணப்பான். பேனா மாதிரி ஒரு வேப், அதுதான் சார்ஜ் போட்டுப் பிடிக்கிற சிகரெட், வைத்திருந்தான். உறிஞ்சினால் மாம்பழ மணத்தோடு புகை வரும். "தீயே கிடையாதுல இதுல. ஆபீசுக்குள்ளயே கொண்டு போவேன்" என்பான். நம் ஊரில் தீக்குச்சிக்கும் பீடிக்கும்தானே பயம்.

ஒருநாள் பட்டாசு ஆபீசில் வேலை பார்த்த அவன் அம்மாவுக்குச் சோறு கொண்டு போனான். வாசலில் காவலுக்கு நிற்கும் கருத்தையா அண்ணாச்சி சட்டைப்பையைத் தடவிப் பார்த்தாராம்.

"தீப்பெட்டி இருக்கால?"

"இல்ல அண்ணாச்சி."

"இது என்னது?"

"பேனா."

"ஆமா, நீ எழுதிக் கிழிச்ச. போ."

கொஞ்ச நேரத்தில் மருந்து வெடித்து, அவன் அம்மா இருந்த ஷெட்டே சிதறியது. அவனும் அவன் அம்மாவும் திரும்பவில்லை. தீ எதிலிருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அண்ணாச்சி மட்டும் பார்க்கிறவர்களிடமெல்லாம், "பேனான்னாம்யா, பேனான்னாம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

இந்த அறையில் யாரும் எதையும் பிடிப்பதில்லை. ஆனாலும் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் மாம்பழம் மணக்கிறது, யாரோ இப்போதுதான் ஊதிவிட்டு எழுந்து போனதுபோல. நேற்று உங்களோடு பேசி முடித்த பிறகும் மணந்தது. கூட இருக்கிறவர்களிடம் கேட்டேன். யாருக்கும் அந்த மணம் தெரியவில்லை.

நாளை பள்ளிக்கூடம் லீவு. அம்மாவுக்குச் சோறு தம்பிதான் கொண்டு போவான்.

அக்கா, அவனை அடிக்காதே. வாயை மோந்தது போதும், பையைப் பார். அந்த நீல விளக்குச் சாமானை எடுத்து ஒளித்து வை. நாளைக்குச் சோற்றை நீயே கொண்டு போ.