ஒலீட்டா பட்டியலில் இருந்த பதினான்கு நாட்கள்

மார்ச் மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டே காலுக்கு, சோரெல் ஊர்க் கஞ்சாக் கடையின் சரக்குப் பட்டியலில் அதன் முதலாளி ஒலீட்டா ஸ்ட்ரிக்லர் ஒரு செடியாக ஏறிவிட்டாள். அன்று மாலை ஆறு மணிக்கு அவளால் கடையை விட்டு வெளியே போக முடியவில்லை. மழை இல்லை, காற்று தெற்கிலிருந்து மெல்ல வீசியது, தீவனக் கடையில் குதிரைப்புல் கட்டு போன வாரத்து விலைதான். இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், அந்த நாளில் வேறு கோளாறு எதுவும் இல்லை என்று தெரியவேண்டும் என்பதே.

ஓக்லஹோமா மாநிலத்தில் எங்கள் ஊர் அளவுள்ள எல்லா ஊரிலும் அந்த மாதம் இதே பரபரப்புதான். கடையில் இருக்கும் ஒவ்வொரு ஜாடிக்கும், ஒவ்வொரு மிட்டாய் டப்பாவுக்கும், விற்பனைக்கு வைத்திருக்கும் ஒவ்வொரு நாற்றுக்கும் இருபத்துநான்கு இலக்க எண் போட்ட மஞ்சள் அட்டை கட்டி, மாநிலத்தின் கணினிக்குள் ஏற்றியாக வேண்டும். இருபதாம் தேதிக்கு மேல் அட்டையில்லாத ஒரு காம்பு கடையில் கிடந்தாலும் உரிமம் போய்விடும். அதுவரை ஒலீட்டாவின் கணக்கு பாதி ஒரு நோட்டில் இருந்தது, பாதி அவள் தலையில் இருந்தது. அவளும் கடை வேலைக்காரி டான்யாவும் இரண்டு வாரமாக எடை போட்டார்கள். கிராமில் நூறில் ஒரு பங்கு வரை பார்த்தார்கள். அலமாரிக்கு அடியில் பெருக்கி எடுத்த தூசியையும் எடை போட்டு எழுதினார்கள். அந்தக் கட்டடம் முன்பு பர்கர் கடை. ஈரமான நாளில் சுவரிலிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை இன்னும் வரும், அதற்கு அட்டை வேண்டாம் என்று மாநிலமே சொல்லிவிட்டது.

பர்கர் கடை விட்டுப்போன இன்னொரு சொத்து பின்பக்கத்து ஜன்னல். சர்ச்சுக்காரர்கள் அந்த ஜன்னலில்தான் வாங்குவார்கள். வாங்குவார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு. அடியில் குடும்பப் பெயரை டேப்பில் எழுதி ஒட்டிய கண்ணாடித் தட்டை, வீட்டுக்கொரு பண்டம் சமைத்து சர்ச் விருந்துக்குக் கொண்டுபோவது போலவே, ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவார்கள். மறுநாள் அது அலுமினியத் தாள் மூடி, உள்ளே வலிக்கு வேண்டியதோடு அங்கேயே இருக்கும். கஞ்சாவை மருந்தாக வாங்க மாநிலம் தரும் நோயாளி அட்டை எல்லாரிடமும் உண்டு, எல்லாம் சட்டப்படிதான். முன்வாசல் வழியாகப் போவதைத்தான் பாவமாக நினைத்தார்கள். பன்னிரண்டு குடும்பம் இப்படி. அதில் முதல் குடும்பம் ஒலீட்டாவின் புருஷனுடையது.

வெர்லின் ஸ்ட்ரிக்லர் பாப்டிஸ்ட் சர்ச்சில் டீக்கன், சபைக் காரியங்களைப் பார்க்கும் பெரியவர். எண்ணெய்க் கிணற்று மேடையிலிருந்து விழுந்து முதுகு போனவர். கடை திறந்து ஆறு வருஷத்தில் அவர் அதற்குள் கால் வைத்ததில்லை. ஆனால் அங்கிருந்து தட்டில் வரும் கஞ்சா மிட்டாயை ராத்திரி ஒன்று, தலை குனிந்து ஜெபம் செய்துவிட்டுத்தான் வாயில் போடுவார். தன் நோயாளி அட்டையை பைபிளில் ஆமோஸ் புத்தகத்துக்குள் வைத்திருந்தார், அந்தப் பக்கம் யாரும் புரட்டமாட்டார்கள் என்ற தைரியத்தில்.

இனி நடந்த தவறு. மாநிலத்தின் கணினியில் பழகிப் பார்க்க ஒரு பக்கமும் நிஜத்துக்கு ஒரு பக்கமும் உண்டு. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள், பழகும் பக்கத்தின் மேலே ஓடும் ஒரு நீலக் கோடுதான் வித்தியாசம். டான்யா மூன்று பிள்ளை பெற்றவள், கெட்டிக்காரி, ஆனால் கோடு பார்க்கிற ரகம் இல்லை. நாற்று ஏற்றிப் பழக வேண்டும் என்று ஒரு மஞ்சள் அட்டையை எடுத்து ஒலீட்டாவின் ஏப்ரனில் மாட்டினாள்.

“மிஸ் ஒலீட்டா, கொஞ்சம் அசையாம நில்லுங்க. உங்கள வச்சுப் பழகிக்கிறேன்.”

“என்ன ரகம்னு போடப்போறே?”

“பழைய ரகம். தண்ணி ஊத்த மறந்தாலும் பொழச்சுக்கும்.”

“உயரத்தக் கொறச்சுப் போட்டுடாதடி. அஞ்சடி நாலு அங்குலம்.”

இருவரும் சிரித்தார்கள். டான்யா பொத்தானை அழுத்தினாள். நீலக் கோடு இல்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை அப்படித்தான் ஆரம்பமானது.

ஆறு மணிக்கு ஒலீட்டா விளக்கை அணைத்துவிட்டு முன்வாசலைத் தாண்டினாள். தாண்டிய கால் கடைக்குள்ளேயே, நாற்று அலமாரிக்குப் பக்கத்தில் வந்து ஊன்றியது. மறுபடி போனாள், மறுபடி அங்கேயே வந்தாள். பின்கதவிலும் அதேதான். டான்யா வெளியே நின்று அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்த வேகத்தில் டான்யா வண்டி நிறுத்துமிடத்தில் மல்லாந்து கிடந்தாள், கையில் ஒலீட்டாவின் கம்பளிக் கையுறை மட்டும் இருந்தது. ஏப்ரனைக் கழற்றிப் பார்த்தார்கள். மஞ்சள் அட்டை அதில் இல்லை, அவள் மணிக்கட்டில் இருந்தது. கத்தரிக்கோல் அதில் வழுக்கியது. ஒலீட்டா தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறுபத்தொரு வயதில், தன் சொந்தக் கடையில், தன் காலே தன் பேச்சைக் கேட்கவில்லை.

மறுநாள் காலை டான்யா போன் போட்டபோது, மாநிலத்து உதவி எண்ணில் பேசிய பெண் மிகவும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். ஏறிய செடியை இறக்க இரண்டு வழிதான் உண்டு என்றாள்.

“ஒண்ணு, அட்டை வச்சிருக்கிற நோயாளிக்கு விக்கணும். இல்லன்னா அழிக்கணும், மேடம்.”

“அழிக்கிறதுன்னா?”

“அரைச்சு, அதே அளவுக்குப் பூனைக்குப் போடுற மணலக் கலந்து, எங்க ஆள் முன்னாடி குப்பையில போடணும். அப்புறம், கடையில நாத்து பதினாலு நாளைக்கு மேல இருந்தா அதுவாவே செவப்பாயிடும். எங்க ஆளே வந்துடுவார்.”

டான்யா போனை வைத்துவிட்டு, கவுன்டருக்குப் பின்னால் இருந்த அரைக்கும் இயந்திரத்தைத் துணி போட்டு மூடினாள். பிறகு, பதிவைத் திருத்தினால் பிழை என்று காட்டிக் கழன்றுவிடுமோ என்ற ஆசையில், உயரத்தில் நாலை மூன்றாக்கினாள். ஒலீட்டா அப்போது அலமாரியின் மேல்தட்டிலிருந்து டீத்தூளை எடுத்துக்கொண்டிருந்தாள். டப்பா விரல் நுனியிலிருந்து நழுவி விழுந்தது. எம்பினாள், எட்டவில்லை. இருவரும் அளவு நாடா வைத்துப் பார்த்தார்கள். ஐந்தடி மூன்று அங்குலம். திரும்ப நாலு போட்டால் கணினி ஏற்கவில்லை, ஒரு செடிக்கு ஒரு திருத்தம்தான். டான்யா தன் இரண்டு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அழுதாள். அதன்பிறகு அவள் ஜெபம் செய்யாமல் அந்த விசைப்பலகையைத் தொட்டதில்லை.

ஆக, விற்க வேண்டும். வாங்க ஆள் இருந்தார், அவரிடம் அட்டையும் இருந்தது. டான்யா வெர்லினுக்கு போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முழுவதையும் நம்பினார், அது ஒரு பிரச்சினையாகவே இல்லை. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“முன்வாசல் வழியாவா வரணும்?”

அன்று மாலை வந்தார், பின்பக்கத்து ஜன்னலுக்கு. பின்டோ பீன்ஸும் சோள ரொட்டியும் வைத்த தட்டை விளிம்பில் வைத்துவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார்.

“ஒலீட்டா, இந்த ஜன்னல் வழியா வந்துடேன்.”

“முயற்சி பண்ணிட்டேன், விடமாட்டேங்குது. கவுன்டர்லதான் விக்கணும், ஆள் நேர்ல வந்து அட்டையக் காட்டணும். சுத்தி வா வெர்லின். இருபத்திரெண்டு எட்டு வச்சா முன்வாசல்.”

“எதிர்ல தீவனக் கடையில எல்லாரும் உக்காந்திருக்காங்க.”

“இருக்கட்டுமே.”

“ஞாயித்துக்கிழமை காணிக்கைத் தட்டு எடுக்கிறவன் நான், ஒலீட்டா.”

அவள் அவரையே பார்த்தாள். முப்பத்தெட்டு வருஷம் அந்த முதுகுக்கு எண்ணெய் தேய்த்தவள். கதவு தன்னை விடவில்லை என்றபோது அவளுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி ஒன்றுமே இல்லை என்று அப்போது தோன்றியது. கதவுக்கு அவளைத் தெரியாது. இவருக்குத் தெரியும்.

“பீன்ஸ்ல உப்பு இல்ல” என்று மட்டும் சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வெள்ளிக்கிழமைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மனைவியை இழந்த பண்ணைக்காரர் கிளெல் ஏக்கர்ஸ், சவரம் செய்துகொண்டு, சுத்தமான பூட்ஸ் போட்டுக்கொண்டு முன்வாசல் வழியாகவே வந்தார். நோயாளி அட்டையை கவுன்டரில் வைத்தார்.

“தப்பா எடுத்துக்காதீங்க, மிஸஸ் ஸ்ட்ரிக்லர். எங்க வீட்டுல தெக்கு பாத்த ரூம் ஒண்ணு சும்மாதான் கெடக்கு. நல்ல வெளிச்சம். யாரும் தொந்தரவு பண்ணமாட்டோம்.”

ஒலீட்டாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. இத்தனை மரியாதையாக அவளிடம் யாரும் பேசி நாளாயிற்று. நன்றி சொல்லி, அட்டையை அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்பினாள். இந்தச் செய்தி வெர்லினுக்கு அடுத்த கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தது. அவர் அன்றும் தட்டோடு ஜன்னலுக்குத்தான் வந்தார். உப்பு சரியாக இருந்தது.

கிளெல் போன கையோடு அவள் தன் பெயரில் நோயாளி அட்டைக்கு விண்ணப்பம் போட்டாள். அதுநாள்வரை அவள் தன் சரக்கில் ஒரு துணுக்கைக்கூட ருசி பார்த்தவள் இல்லை. டாக்டர் கணினித் திரையில் வந்தார், அவசரத்தில் இருந்தார்.

“என்ன தொந்தரவு?”

“வெளிய போக முடியல, டாக்டர்.”

“மூட்டு வலியா? எத்தன நாளா?”

“முப்பத்தெட்டு வருஷமா.”

டாக்டர் கையெழுத்துப் போட்டார். அட்டை தபாலில் வர பத்து நாளும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம் என்று எழுதியிருந்தது. பதினான்காம் நாள் பதினேழாம் தேதி. அன்று ஆறாம் தேதி.

காத்திருந்த நாட்களில் அவள் கடைக் கணக்கை முடித்தாள். நாற்பத்தொரு நாற்று, இருநூற்றுப் பதினாறு ஜாடி, எல்லாம் ஏறியது. காலையில் தெற்கு ஜன்னல் பக்கம் தானாகச் சாய்ந்து நிற்பதையும், தலைமுடியிலிருந்து கசக்கிய இலை வாசனை வருவதையும் அவள் கவனித்தாள், வேலை நடுவே அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பன்னிரண்டு குடும்பத்துக்கும் கடிதம் எழுதினாள்: இனி தட்டு கிடையாது, முன்வாசல் வழியாக அட்டையோடு வரவும். பத்தாம் தேதி, விதிமுறைப்படி, பின்பக்கத்து ஜன்னலுக்கு உள்ளிருந்து பலகை அடித்தாள். ஆணிகளை அவளேதான் அறைந்தாள். ஒன்பது போதும் என்ற இடத்தில் பதினான்கு ஆணி இருக்கிறது, இன்றும் போய்ப் பார்க்கலாம்.

பதினேழாம் தேதி காலை திரையில் அவளுடைய வரி சிவப்பானது. பத்து மணிக்கு மாநிலத்து ஆள் வந்தார். சின்ன வயது, நல்ல பையனாகத்தான் இருந்தார், தோளில் செடியின் எடைக்குச் சரியாக அறுபத்தைந்து கிலோ பூனை மணல் மூட்டை. எண்ணைப் படித்து, அந்தச் செடி எங்கே என்று கேட்டார். ஒலீட்டா மணிக்கட்டை நீட்டினாள். அவர் எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி எண்ணைப் பார்த்தார்.

“என்கிட்ட... எனக்கு இதுக்கு வேற ஃபாரம் எதுவும் குடுக்கலயே, மேடம்” என்றார். மூட்டையை இறக்கவும் தோன்றாமல் அப்படியே நின்றார். டான்யா கவுன்டருக்குப் பின்னால் அரைக்கும் இயந்திரத்தின் மின்கம்பியைப் பிடுங்கித் தன் இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டாள்.

அப்போது பின்பக்கத்துப் பலகையை யாரோ தட்டினார்கள். தட்டுகிற விதத்திலேயே யார் என்று தெரிந்தது.

“ஒலீட்டா! அட்டையக் கொண்டாந்திருக்கேன்! இந்த ஒரு பலகைய மட்டும் எடு, உள்ள நீட்டிடறேன்! யாரும் பாக்கல!”

அவள் பலகையை எடுக்கவில்லை, முன்வாசலைப் பார்த்தாள். இருபத்திரெண்டு எட்டு. அவள் மனசுக்குள் எண்ணினாள் என்று டான்யா பிற்பாடு சொன்னாள், உதடு அசைந்ததாம். இருபத்திரெண்டு ஆயிற்று, முப்பது ஆயிற்று. முன்வாசல் திறந்தது. தபால்காரப் பெண் உள்ளே வந்து, மின்கட்டணச் சீட்டையும் ஒரு வெள்ளை உறையையும் கவுன்டரில் போட்டுவிட்டு, மணல் மூட்டையோடு நிற்பவரைச் சுற்றிக்கொண்டு வெளியே போனாள்.

ஒலீட்டா உறையைக் கிழித்தாள். அட்டையில் இருந்த படத்தில் அவள் கோபமாக இருந்தாள். அதை டான்யாவிடம் நீட்டினாள்.

“ஒரு நாத்து வேணும்.”

டான்யா விதியை விடவில்லை. பிறந்த தேதி கேட்டாள். இதற்கு முன் வாங்கியிருக்கிறீர்களா என்று கேட்டாள். மணிக்கட்டு அட்டையைக் கருவியால் வாசித்தாள், அது ஒருமுறை கீச்சிட்டது. ரசீதும் ஒட்டுச்சீட்டும் வெளியே வந்தன. திரையில் சிவப்பு வரி மறைந்தது. மஞ்சள் அட்டை தானாகக் கழன்று கவுன்டரில் விழுந்தது. குழந்தைகள் திறக்க முடியாத பையில் போட்டுத்தான் எதையும் வெளியே அனுப்ப வேண்டும் என்பதால், ஒலீட்டா பையைத் தலை வழியாகப் போட முடியாமல் கையில் பிடித்துக்கொண்டாள். மாநிலத்து ஆள் அது செல்லும் என்று தலையாட்டினார்.

அவள் முன்வாசலைத் தாண்டினாள். கால் வெளியே, சரளைக் கல்லின் மேல் விழுந்தது. தீவனக் கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அவள் கட்டடத்தைச் சுற்றி நடந்து பின்பக்கம் போனாள். வெர்லின் இன்னும் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நிறுத்து. வண்டிச் சாவியக் குடு.”

அவர் கொடுத்தார். வண்டியை அவளே ஓட்டினாள்.

அந்த ஒட்டுச்சீட்டை அவள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினாள். வெர்லின் மோர் எடுக்கப் போகும்போதெல்லாம் அது கண்ணில் படும். செடி: ஒன்று. வாங்கியவர்: ஒலீட்டா ஸ்ட்ரிக்லர். இதற்குக் கீழே தடித்த எழுத்தில், வாங்கியவர் தவிர வேறு எவரும் இதை வைத்திருக்கக் கூடாது என்று இருக்கும். மற்ற பதினொரு குடும்பமும் ஏப்ரலுக்குள் முன்வாசலுக்கு வந்துவிட்டன, முதுகு வலிக்கு வெட்கம் எத்தனை நாள் தாங்கும்? வெர்லினுக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு சனிக்கிழமை மதியம், ஊரின் புயல் எச்சரிக்கைச் சங்கு ஒத்திகைக்கு ஊதிக்கொண்டிருக்கும்போது, தொப்பியைக் கழற்றிவிட்டு முன்வாசலில் நுழைந்து வரிசையில் நின்றார், தனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தும். ஒலீட்டா மற்றவர்களிடம் கேட்பது போலவே அவரிடமும் பிறந்த தேதி கேட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அவள் தன் அட்டையை மறக்காமல் புதுப்பித்துக்கொள்கிறாள். காலையில் தெற்கு ஜன்னலோரம் அரை மணி நேரம் நிற்பாள், பெரிய தம்ளரில் தண்ணீர் குடிப்பாள், வேலைக்குப் போவாள். வெர்லின் இப்போதெல்லாம் அவள் கையைப் பிடிப்பதற்கு முன் பிடிக்கலாமா என்று கேட்கிறார். சில நாள் சரி என்பாள், சில நாள் இன்றைக்கு வேண்டாம் என்பாள்.