ஏழாம் நம்பர் மலையின் மண்

மூன்றடி ஆழத்தில் முட்டை ஓடு கிடக்கிற மண்ணைச் சிவரூபி தன் ஒன்பது வருட உத்தியோகத்தில் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

குழிக்குள் நின்றபடி குனிந்து இன்னொருமுறை பார்த்தாள். சந்தேகமே இல்லை, முட்டை ஓடுதான். அதற்கு ஒரு சாண் மேலே வாடிப்போன போஞ்சி நாற்று ஒன்று சுவரிலிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. நான்கு பக்கச் சுவரும் மேலிருந்து அடிவரை கறுகறுவென்று, கைவைத்தால் ஒட்டுகிற பதத்தில் இருந்தன. ஆவணி மாதக் காற்றில் மலை முழுவதும் காய்ந்து கிடக்க, இந்தக் குழி மட்டும் காலையில்தான் குளித்துவிட்டு வந்ததுபோல ஈரமாக இருந்தது.

அவள் பதுளைக் காரியாலயத்தில் மண் அளவை உத்தியோகத்தர். சொந்த இடம் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில். மடுல்சீமைப் பக்கத்து மேட்டுத்தோட்டத்தில் ஏழாம் நம்பர் மலையின் மண்ணைப் பார்த்து வகைப்படுத்தச் சொல்லி அவளை அனுப்பியிருந்தார்கள். சனிக்கிழமை குழி வெட்டிவைக்கும்படி தோட்டத்துக்குச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் வந்து இறங்கினால், இதோ இந்தக் கோலம்.

விஷயம் இதுதான். மேல் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் முப்பத்துநான்கு குடும்பங்களுக்கும் ஆளுக்கு ஒரு துண்டு நிலமும் வீடும் கொடுப்பதென்று பேச்சு. இடம் ஏழாம் நம்பர் மலை. மண் எந்த வகை, எவ்வளவு ஆழம், மழை எப்படி என்று பார்த்துவிட்டு வியாழக்கிழமை பதுளையில் நடக்கும் கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். தேயிலைக்கு ஏற்ற மண் என்றால் மலை தேயிலைக்கே போகும், புதுக்கன்று நட்டுவிடுவார்கள். ஏற்காத மண் என்றால் வீட்டுக்கு. அதாவது மண் கெட்டதாக இருந்தால்தான் இந்தச் சனங்களுக்கு வீடு.

இதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அரசாங்கத்துக்குச் சனங்களிடம் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கம் இருந்தால்தானே! ‘மண் பரிசோதனை’ என்ற இரண்டு சொல்தான் லயத்துக்கு வந்து சேர்ந்தது. பரிசோதனை என்றால் பாஸாக வேண்டும். மண் பாஸானால் வீடு. இப்படித்தான் அவர்கள் கணக்குப் போட்டார்கள். அவர்களுடைய இடத்தில் இருந்தால் நானும் நீங்களும் அப்படித்தான் போட்டிருப்போம்.

பிறகு அவர்கள் செய்ததும் தோட்டம் பழக்கிய பழக்கம்தான். கொம்பனியிலிருந்து பெரிய ஆட்கள் பார்வைக்கு வருகிறார்கள் என்றால் அதற்கு முதல்நாள் ரோட்டோரத்து மலையில் மட்டும் புல் வெட்டப்படும், தண்ணீர் ஓடும் கான் துப்புரவாகும், லயத்தின் முன்சுவருக்கு மட்டும் சுண்ணாம்பு ஏறும். நோட்டுப்புத்தகத்தோடு வெளியாள் வந்தால் அவர் பார்க்கிற இடத்தை அழகாக்கிவைக்க வேண்டும். நூறு வருடத்துக்கு மேலாக அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டு இல்லாத நாளில், லயத்துக் காய்கறிப் பாத்திகளில் இருந்த எருப்போட்ட கறுப்பு மண்ணைச் சாக்குச் சாக்காகச் சுமந்துவந்து, தண்ணீர் தெளித்துக் குழைத்து, குழியின் சுவரெல்லாம் பூசி மெழுகிவிட்டார்கள்.

சிவரூபிக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

குழியின் விளிம்பில் சின்னத்துரை, அதாவது தோட்டத்தின் உதவி முகாமையாளர், இடுப்பில் கைவைத்து நின்றார். இளைஞர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. மலையைக் கைவிட வேண்டாமென்று மேலே இருந்து அவருக்குச் சொல்லியிருந்தார்கள், அவர் அதைச் செய்துகொண்டிருந்தார். கறுத்த சுவரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. இவ்வளவு நல்ல மண்ணில் தேயிலை போடாமல் வேறென்ன செய்வது என்று ஆங்கிலத்தில் கேட்டார். பத்தடி தள்ளித் தேயிலைச் செடிகளுக்கிடையே கூடையோடு நின்ற பெண்களுக்கு அது கேட்டது, விளங்கவில்லை. அவர்களில் முன்னால் நின்றவள் அவருடைய மலர்ந்த முகத்தைப் பார்த்துத் தானும் சிரித்ததைச் சிவரூபி பார்த்தாள்.

அவள் பெயர் யோகம்மா. நாற்பத்தாறு வயது. பதினாலு வயதிலிருந்து அந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். ஒற்றை அறையும் ஒரு குசினியுமான லயக் காம்பராவில் எட்டுப்பேர். மண் சுமக்கிற யோசனை அவளுடையதுதான் என்பது சிவரூபிக்குப் பிறகுதான் தெரிந்தது.

எந்தக் குழியானாலும் விபரம் எழுதுமுன் கத்தியால் சுவரைச் சுரண்டிப் புதுமுகம் பார்ப்பதுதான் முறை. சிவரூபி சுரண்டினாள். இரண்டு விரல்கடை கறுப்பு பொலபொலவென்று உதிர்ந்தது. பின்னால் மஞ்சளும் சிவப்புமாகச் சரளைக்கல் பல்லை இளித்துக்கொண்டு நின்றது.

சின்னத்துரைக்கு முதலில் சிரிப்பு. பிறகு யோசித்தார். குழியை ஆட்கள் கலைத்துவிட்டார்கள், ஆகவே இந்தப் பரிசோதனை செல்லாது என்று எழுதுங்கள் என்றார். அவர் சொன்னதில் பிழையில்லை. படிவத்தில் முதல் கேள்வியே சுவர் கலைக்கப்பட்டதா என்பதுதான். ‘ஆம்’ என்று எழுதி, அன்றே வேறு குழி பார்க்காவிட்டால் மறுபடி முறை வர அடுத்த வருடம் ஆகும். அதற்குள் மலையில் கன்று நட்டு முடிந்துவிடும்.

சிவரூபி ‘ஆம்’ என்றுதான் எழுதினாள். பொய் எழுதத் தெரியாதவள் என்பதல்ல. ஒரு பொய் எழுதினால் கீழே எழுதுகிற உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தவள். எழுதிவிட்டு, பத்தடி தள்ளி இன்றைக்கே வேறு குழி வெட்ட வேண்டும், தன் கண்முன்னால் வெட்ட வேண்டும் என்றாள். ஆள் இல்லை, எல்லோருக்கும் இன்று வேலை கொடுத்தாயிற்று என்றார் சின்னத்துரை.

யோகம்மா கூடையை இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

“நாங்க வெட்டுறோங்க. வறட்சிக் கொழுந்துதானே, ரெண்டு மணிக்கு நிறுத்துப் போட்டுட்டு வந்து வெட்டுறோம். யாரும் பேரு போட வேணாம், சம்பளமும் வேணாம்.”

தானும் கூட இருந்து பார்ப்பேன் என்றார் சின்னத்துரை.

இடையில் கிடைத்த நேரத்தில் சிவரூபி மழைக் கணக்குப் பார்க்கக் கொழுந்து ஆலைக்குப் போனாள். மண் பாதி, மழை மீதி. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு நிலத்துக்குப் பெயர் வைக்கலாம். ஆலை முற்றத்தில் மழைமானி இருந்தது. தினமும் காலையில் அதை அளந்து எழுதுகிற காவலாளி அழகர், யோகம்மாவின் புருஷன். இருபத்திரண்டு வருடக் கணக்கு ஐந்து கொப்பிகளில் இருந்தது. ஞாயிறு, தீபாவளி, ஏன், அவருடைய மகளின் கல்யாணத்தன்று காலைகூட விடுபடவில்லை.

போன கிழமை லயத்தார் எல்லோரும் வந்து மழையைக் கொஞ்சம் கூட்டி எழுதச் சொன்னார்களாம். நல்ல மழை பெய்கிற இடம் என்றால் மண் சுலபமாகப் பாஸாகும் என்ற எண்ணம். அழகர் மாட்டேன் என்றுவிட்டார். மூன்று நாளாக யோகம்மா அவருக்கு முகம் கொடுத்துப் பேசவில்லை.

“மண்ண மெழுகிப்புட்டாங்க. மழைய மெழுக முடியுங்களா மிஸ்? பெஞ்சது பெஞ்சதுதான்,” என்றார் அழகர்.

சிவரூபி கொப்பிகளைப் புரட்டினாள். ஐப்பசி முதல் தை வரை மழை கொட்டித் தீர்த்திருந்தது. ஆனியிலிருந்து புரட்டாதி வரை பக்கம் பக்கமாகச் சுழியம், இடையிடையே ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர். ஒரு வருடமில்லை, இருபத்திரண்டு வருடமும் அப்படியே. ஆழமான மண் என்றால் அந்த நான்கு மாதத்துக்குத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சரளை மண்ணில் எங்கே நிற்கும்? மனிதன் பொய் எழுதாமல் விட்ட ஒரு காரியம் எவ்வளவு பெரிய உதவி என்று நினைத்தபோது அவளுக்கு அழகரைக் கும்பிட வேண்டும்போல இருந்தது. கொப்பிகளைக் கவனமாக வாங்கிக்கொண்டாள்.

இரண்டேகாலுக்கு ஏழெட்டுப் பெண்களும் நாலைந்து ஆண்களும் வந்துவிட்டார்கள். அந்த மலைக்குப் பொறுப்பான கங்காணியும் வந்து ஓரமாக நின்றார். அவருடைய பெயரும் வீட்டுப் பட்டியலில் இருந்தது. யோகம்மா மம்பட்டியை வாங்கி முதல் வெட்டு வெட்டினாள்.

ஓரடிவரை மண் மண்ணாக வந்தது. பிறகு மம்பட்டி டணார் டணார் என்றது. ஒன்றரை அடியில் சரளை. இரண்டடியில் சரளை மட்டும்தான். ஒவ்வொரு கல் தெறிக்கும்போதும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அலவாங்கு போட்டு நெம்பித்தான் கீழே போக முடிந்தது. யோகம்மா புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெட்டினாள். துடைத்தது வியர்வையில்லை.

“கெட்ட மண்ணுதான் மிஸ்,” என்றாள், நிமிராமல். “எங்களுக்கு முன்னாடியே தெரியும். அதான் அப்படிச் செஞ்சோம்.”

சிவரூபி வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்த அழுகை நின்றுவிடும். ஆனால் எழுதி முடியுமுன் எந்த முடிவு யாருக்கு நல்லது என்று சொல்லக்கூடாதென்பது காரியாலயத்துக் கட்டளை. மேலே சின்னத்துரை நின்றார். இவள் சொல்லிக்கொடுத்தாள் என்று ஒரு பேச்சு எழுந்தால் இந்தக் குழியும் போய்விடும். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே போரில் இடம்பெயர்ந்தபோது அவளுடைய அப்பா நிலத்தின் உறுதிப்பத்திரத்தை மடியில் கட்டிக்கொண்டு ஊரைவிட்டு நடந்தவர். சொந்தமாக ஒரு பிடி நிலம் என்பது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தன் வீட்டுக்கான கல்லை ஒவ்வொன்றாகத் தோண்டிப்போட்டுக்கொண்டு ஒருத்தி அழுவதை வாய்மூடிப் பார்த்து நிற்பது பெரிய கொடுமை.

“நான் இப்ப ஒண்டும் சொல்ல ஏலாது அக்கா,” என்றாள். “நீங்கள் வெட்டுங்கோ. அடி தெரியுமட்டும் வெட்டுங்கோ.”

மூன்றரை அடியில் பாறை முட்டியது. சிவரூபி இறங்கினாள். நாடாவைத் தொங்கவிட்டாள். மண்ணை நனைத்து நிறப்புத்தகத்தின் சின்னச் சின்னக் கட்டங்களோடு பிடித்துப் பார்த்தாள், விரலுக்கிடையே உருட்டினாள், கல்லையும் மண்ணையும் பிரித்து நிறுத்தாள். சரிவைக் கருவியால் அளந்தாள். சின்னத்துரையையும் கீழே கூப்பிட்டு ஒவ்வொன்றையும் காட்டினாள். அவர் தன் கையாலேயே சுவரைச் சுரண்டிப் பார்த்தார். கலைத்த மண்ணில்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்தும் போட்டார். செம்மஞ்சள் பொட்சோலிக் மண், ஆழம் குறைந்தது, சரளை மிகுந்தது, வருடத்தில் நான்கு மாதம் நீர்ப்பற்றாக்குறை, தேயிலைக்கு ஏற்றதல்ல. கடைசி வரியை எழுதி, அடியில் தன் பெயரையும் எழுதிய பிறகுதான் சிவரூபி நிமிர்ந்தாள்.

“இது தேயிலைக்குச் சரிவராத மண் அக்கா. சரிவராத நிலத்தைத்தான் வீட்டுக்குக் குடுக்கிறது. நல்ல மண்ணெண்டால் உங்களுக்குத் தந்திருக்க மாட்டினம்.”

கொஞ்ச நேரம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மண் சுமந்து வந்த முதுகுகள் எல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தன. கங்காணிகூடச் சிரித்தார். வியாழக்கிழமை இதை யாரும் மறுக்க முடியாதென்று சின்னத்துரையே சொல்லிவிட்டுப் போனார்.

யோகம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் குழிக்குள்ளேயே நின்றுகொண்டு, சரளையையும் தன் உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அந்த மலைக்கு ஒரு பெயர் இருந்தது. கூடை நிறையாத மலை. எவளாவது கங்காணியை எதிர்த்துப் பேசினால் மறுநாள் அவளை ஏழாம் நம்பருக்கு அனுப்புவார்கள். அங்கே போனவள் பின்னேரம் பாதிக் கூடையோடு தராசுக்கு முன்னால் நின்று, கை ஓடாதவள், செடியடியில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறவள் என்று நாலுபேர் முன்னால் பேச்சு வாங்கி, அரைப்பேரோடு, அதாவது அரைநாள் சம்பளத்தோடு, லயத்துக்குத் திரும்புவாள். யோகம்மாவின் வாய் கொஞ்சம் நீளம். அதனால் முப்பத்திரண்டு வருடத்தில் பாதி அவளுக்கு இந்த மலையில்தான் போனது.

“அப்போ கூடை நெறையாதது...” என்று தொடங்கி, நிறுத்தி, மறுபடி கேட்டாள். “எங்க கையில குத்தமில்லீங்களா மிஸ்?”

“இல்லை அக்கா. உங்கட கையில ஒரு குற்றமும் இல்லை.”

“அதையும் அதுல எழுதுவீங்களா?”

படிவத்தில் கடைசியாக ‘வேறு குறிப்புகள்’ என்று இரண்டு வரி இடம் இருந்தது. அதில் யாரும் எதுவும் எழுதுவதில்லை. சிவரூபி குழியின் விளிம்பில் உட்கார்ந்து, படிவத்தை முழங்காலில் வைத்து எழுதினாள். எழுதியதை வாசித்தும் காட்டினாள். இம்மலையில் கொழுந்து குறைவாகக் கிடைப்பதற்குக் காரணம் மண்ணின் ஆழக்குறைவும் நான்கு மாத வறட்சியுமே. கொழுந்து எடுப்பவர்கள் அல்லர்.

கங்காணி காய்ந்த செடி ஒன்றின் இலையைக் கிள்ளிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

யோகம்மா அவர் நின்ற பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்தாள். பிறகு சிவரூபியிடம், “இன்னொருக்கா வாசிங்க மிஸ்,” என்றாள்.

சிவரூபி எழுந்து நின்று, இந்தமுறை சத்தமாக வாசித்தாள்.