பெரிய சாமான் வாங்க நல்ல நேரம்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்பில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து, திருடனைப் பிடித்த மாதிரி என்னைப் பார்க்க வேண்டாம்.

இதை எழுதுவது 2003 ஆவணியில். நாட்டின் பொருளாதாரம் எழும்பிவிட்டது என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. எழும்பியது உண்மைதான். நெடுநாள் காய்ச்சல்காரன் கட்டிலில் எழும்பி உட்கார்ந்து, எந்தக் காலை முதலில் கீழே வைப்பது என்று தரையையே பார்த்துக்கொண்டிருப்பானே, அப்படி. யுத்தநிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்கு ரோட்டுத் திறந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. பேச்சுவார்த்தை மேசையில் ஒரு பக்கத்துக் கதிரைகள் காலியாகிச் சில மாதங்கள் ஆகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில் சனங்களின் மனம் எப்படியிருக்கிறது, கையில் இருப்பதைச் செலவழிப்பார்களா, முந்தானையில் முடிந்து வைப்பார்களா என்று அறியக் கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்துக்கு ஆசை வந்தது. ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கொத்துத் தயாரித்தார்கள். அதைத் தமிழாக்கி, மாத்தளைப் பக்கத்தில் வீடு வீடாகக் கேட்டுவரும் பொறுப்பு என் நண்பர் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்குக் கிடைத்தது. அரசாங்கத்தில் புள்ளிவிபரம் பார்த்து ஓய்வுபெற்றவர். பிறந்தது சாவகச்சேரி. மாத்தளையில் முப்பது வருடமாக வாடகை வீட்டில் தற்காலிகமாக இருக்கிறார்.

அவர் வைத்த தலைப்பு: நுகர்வோர் நம்பிக்கை ஆய்வு.

(நுகர்தல் என்றால் மோந்து பார்த்தல் என்றும் பொருள் உண்டு. தெருவெல்லாம் கராம்பும் மிளகும் காயப்போடும் ஊரில் நாங்கள் அனைவரும் பிறவி நுகர்வோர். மோந்து பார்ப்பதற்கு இன்னும் வரி போடவில்லை. நம்பிக்கையைப் பற்றிப் பிறகு பேசலாம்.)

ஏழாவது கேள்விதான் இந்தக் கதை. "பெரிய வீட்டுச் சாமான்கள் வாங்க இது நல்ல நேரமா?"

ஆங்கிலத்தில் அது ஓர் அப்பாவிக் கேள்வி. தமிழில் அது சோதிடம்.

2

கதையை எப்படித் தொடங்குவது என்பதில் எனக்குச் சிக்கல் இருந்தது. இன்னும் இருக்கிறது. கிழித்தவற்றையும் காட்டிவிடுகிறேன்.

'பலாபத்வலச் சந்தியில் வெயில் தன் நிழலைத் தேடி அலைந்த' — வேண்டாம். வெயிலுக்கு வேறு வேலை இருக்கிறது.

'யுத்தம் தின்ற தேசத்தின் நரம்புகளில் மீண்டும் நாணயம் குருதியாய்ப் பாயத் தொடங்கிய அந்த' — இது நான் எழுதியதே அல்ல. மேடையில் பேசுகிற யாரோ என் பேனாவை இரவல் வாங்கியிருக்க வேண்டும்.

'நல்லம்மாவின் தேத்தண்ணிக் கடையில் மத்தியானம் ஆட்கள் இல்லாதபோது, ரோட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.'

இது பரவாயில்லை. இதிலேயே நிற்கிறேன்.

ரோட்டு உண்மையாகவே போய்க்கொண்டிருந்தது. வடக்கே யாழ்ப்பாணம் போகிற லொறிகளில் சீமெந்து, பிளாஸ்டிக் கதிரைகள், கால் மேலே தூக்கிய மோட்டார் சைக்கிள்கள். நயினாதீவு விகாரைக்குப் போகிற பஸ்களில் வெள்ளை உடுத்த சிங்களச் சனம். திரும்பி வரும்போது அவர்கள் மடியில் திராட்சைப் பழம், ஓலைக் குட்டானில் பனங்கட்டி. கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் நல்லம்மாவுக்கு, நீண்ட நாள் பேசாதிருந்த இரண்டு வீடுகள் ஒன்றுக்கொன்று சீர் அனுப்புகிற மாதிரி இருந்தது. தார் உருகுகிற வெயிலில் எல்லா வாகனமும் தரையைத் தொடாமல் மிதந்துபோனது. நின்ற வாகனங்களிலிருந்து இறங்கியவர்கள் இரண்டு மொழியிலும் ஒன்றையே கேட்டார்கள்: குளிராக ஏதும் இருக்கிறதா?

அவள் சோடாப் போத்தல்களைத் தண்ணீர் வாளியில் போட்டு வைத்திருந்தாள். வந்தவர்கள் போத்தலைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு போத்தலுக்கு ஆறுதல் சொல்வதுபோல ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

அப்படியாகத்தான் மத்தியானங்களில் அந்தப் பெட்டி அவள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கியது. கடையின் இடது மூலையில், ஆள் உயரத்தில், வெள்ளையாக. கதவைத் திறந்தால் தானாக விளக்கெரிகிற ஒரு சின்ன வீடு. உள்ளே சுவர் வியர்த்திருக்கும். அவள் அதன் முன்னால் நின்று முகத்தைக் கொடுப்பாள். அதற்குள் யாராவது "பிளேன்டீ ஒண்ணு" என்பார்கள். மூலையில் பழையபடி விறகு இருக்கும்.

வாங்க வழி இருந்தது. அவள் காதில் கிடந்த தோடு. அதைவிட்டால் அந்தக் குடும்பத்தில் அடகுக்குப் போகக்கூடிய வேறு பொருள் கிடையாது. ரோட்டுத் திறந்திருந்தால் பெட்டி தோட்டை மீட்டுக் கொடுத்துவிடும். ரோட்டை மூடிவிட்டால், ஆளில்லாக் கடையில் பெட்டி தன்பாட்டில் முனகிக்கொண்டிருக்கும், தோடும் போய்விடும். நல்லம்மாவின் நுகர்வோர் நம்பிக்கை இவ்வளவுதான். கொழும்புக்காரர் அதற்கு இருபத்துச் சொச்சம் கேள்வி வைத்திருந்தார்கள்.

3

ஸ்ரீஸ்கந்தராஜா அங்கே போனது ஒரு வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணிக்கு. நானும் கூடப் போனேன். வேலையில்லாத எழுத்தாளனுக்கு அடுத்தவன் வேலை செய்வதைப் பார்ப்பதும் உழைப்புத்தான்.

ஆறு கேள்வி சுமுகமாகப் போயிற்று. ஏழாவதை அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "பெரிய வீட்டுச் சாமான்கள் வாங்க இது நல்ல நேரமா? ஓம், இல்லை, தெரியாது. மூண்டிலை ஒண்டு சொல்லுங்கோ."

நல்லம்மா சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தாள். "இல்லைங்க."

அவர் எழுதப் போனார்.

"இப்ப ராகுகாலம்ங்க. பன்னெண்டுக்கு மேல கேட்டீங்கன்னா நல்லதாச் சொல்லலாம்."

"பிள்ளை, நான் அந்த நேரத்தைக் கேக்கேல்லை. பொதுவாக் கேக்கிறன்."

"பொதுவாப் பாத்தா ஒவ்வொரு நாளும் ஒரு ஒன்றரை மணித்தியாலம் சரியில்லைங்க. மிச்சமெல்லாம் பரவால்ல."

பின்னால் ரொட்டி மாப் பிசைந்துகொண்டிருந்த அவள் புருஷன் செல்லச்சாமி எட்டிப் பார்த்தான். "ஐயா என்னா விக்கிறாரு?"

"ஒண்ணும் விக்கலங்க. கேள்வி கேக்க வந்திருக்காரு."

"விக்காமலே கேக்குறாரா? அப்ப பாத்துப் பதில் சொல்லு."

நாங்கள் பன்னிரண்டு மணிவரை இருந்தோம். ஆளுக்கு இரண்டு பிளேன்டீ, இடையில் வடை. தன் வாழ்நாளில் ஒரு தரவுக்காக இவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை என்று ஸ்ரீஸ்கந்தராஜா என் காதுக்குள் சொன்னார். பன்னிரண்டு கழிந்ததும் நல்லம்மா கையைத் துடைத்துக்கொண்டு, அலுமாரியைச் சுற்றி முன்னால் வந்து நின்றாள்.

"இப்பக் கேளுங்க."

அவர் கேட்டார். இந்தத் தடவை குரலில் தன்னையறியாமல் ஒரு பூசாரித்தனம் வந்துவிட்டது.

"வாங்கலாமுங்களா?" என்று கேட்டாள் அவள்.

"நான் கேக்கத்தான் வந்தனான். சொல்ல வரேல்லை."

"இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வந்து, நல்ல நேரம் வர்ற வரைக்கும் குந்தியிருந்து கேக்குறீங்க. ஏதோ தெரிஞ்சிதான கேக்குறீங்க? இந்த ரோட்டுத் தொறந்தே இருக்குமாங்க?"

படிவத்தில் ஓம், இல்லை, தெரியாது என்ற மூன்று கட்டங்களும் பதில் சொல்கிறவருக்கு உரியவை. கேட்கிறவருக்கு ஒரு கட்டமும் போடவில்லை. ஸ்ரீஸ்கந்தராஜா தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார்.

"ஐயா வீட்டுல பிரிஜ் இருக்குங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் நெடுநேரம் துடைத்தார்.

"எனக்குச் சளி," என்றார்.

(முப்பது வருடத்தில் அவர் மாத்தளையில் வாங்கிய ஆகப் பெரிய சாமான் ஒரு குடை. அதுவும் மடிக்கிற வகை.)

4

இந்தப் பகுதியை நையாண்டிக்காக வைத்திருக்கிறேன். அவசரக்காரர் தாண்டிப் போகலாம்.

மாத்தளை மாவட்டத் தமிழரின் நம்பிக்கை செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு மேல் விழுகிறது, நாலரைக்கு எழும்புகிறது, வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு மறுபடி விழுகிறது என்று கொழும்பில் கண்டுபிடித்தார்கள். நிறுவனத்தின் பணிப்பாளர் அதற்கு 'மாத்தளை அலை' என்று பெயர் வைத்தார். குளிரூட்டிய மண்டபம் ஒன்றில், திரையில் வரைபு காட்டி, அது வார இறுதிச் செலவுக்கு முன்னரான உளவியல் தயக்கம் என்று விளக்கினார். கைதட்டினார்கள். சாண்ட்விச் கொடுத்தார்கள்.

"அது ராகுகாலம் எண்டு சொல்லியிருக்கலாமே, அண்ணை?" என்று ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கேட்டேன்.

"சொன்னனான் ஐசே. அதுக்கும் தனியா ஒரு ஆய்வு செய்வம் எண்டிச்சினம்."

இந்த இடத்தில் முடித்திருந்தால் என் வழக்கமான வாசகர்கள் சிரித்துவிட்டுப் பத்திரிகையில் மீன் சுற்றியிருப்பார்கள். ஆனால் எனக்கு ஒரு தொந்தரவு. நல்லம்மா இன்னும் அலுமாரிக்கு முன்னால்தான் நிற்கிறாள். அவள் கேட்டதற்கு எங்கள் இருவரில் ஒருவரும் பதில் சொல்லவில்லை.

5

செல்லச்சாமியைப் பற்றி எனக்குச் சந்தேகம் உண்டு. அவனைக் கோமாளியாகத்தான் உத்தேசித்திருந்தேன். எந்தச் சாமான் வாங்கப் போனாலும் அவன் விலை கேட்பதில்லை, நிறம் பார்ப்பதில்லை, தூக்கிப் பார்ப்பான். குடமா, தூக்கு. மேசையா, தூக்கு. கடைக்காரர்கள் சிரிப்பார்கள். முதல் பிரதியில் நானும் சிரித்து மூன்று பக்கம் எழுதினேன். அந்த மூன்று பக்கத்திலும் அவன் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. பாத்திரம் ஒத்துழைக்காவிட்டால் எழுத்தாளன் என்ன செய்வது? கூடவே போய்ப் பார்க்க வேண்டியதுதான்.

ஆகவே, மாத்தளை டவுனில் அப்துல் ஸமத்தின் கடை. நான் அங்கே இருக்கவில்லை. அதனால் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. வெள்ளைப் பெட்டிகள் இரண்டு வரிசை. வருகிறவர்கள் கதவைத் திறந்து, முகத்தை உள்ளே வைத்து, கண்ணை மூடி, ஏதோ ஒரு நாட்டுக்குப் போய்த் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு வெளியேறுகிறார்கள்.

"வாங்க, வாங்க. தொறந்து பாருங்க, மோந்து பாருங்க. காலயில ஈந்து அதுதான் யாவாரம்," என்றார் அப்துல் ஸமத்.

நல்லம்மா ஒரு கதவைத் திறந்தாள். விளக்கு எரிந்தது. செல்லச்சாமி பக்கவாட்டில் போய்ப் பெட்டியை இரு கையாலும் கட்டிப்பிடித்தான்.

"என்ன அண்ணே, பொண்ணு பாக்கவா வந்தீங்க? மெதுவா, மெதுவா."

"அசையலையே," என்றான் செல்லச்சாமி.

"பிரிஜ்ஜின்டா பாரமாத்தான் ஈக்கும். எங்கட லொறியில கொண்டுவந்து, வைக்கிற எடத்துல வெச்சித் தருவோம். நீங்க ஏன் தூக்கோணும்?"

"கொண்டு வர்றதுக்கு இல்லைங்க மொதலாளி. கொண்டு போறதுக்கு."

அப்துல் ஸமத்துக்கு விளங்கவில்லை. நல்லம்மாதான் சொன்னாள், கதவை மூடாமல், பெட்டிக்குள்ளே பார்த்தபடி. "எண்பத்திமூணு கலவரத்துல தையல் மெஷினத் தூக்கிக்கிட்டு ஓடுனாருங்க. எங்கம்மா சீதனமாக் குடுத்தது. தோட்டத்து லயத்திலருந்து மேல காட்டுப் பக்கம். பாதி வழியில கை விட்டிருச்சி. அங்கயே போட்டுட்டுத்தான் போனோம். அதுலருந்து தூக்கிப் பாக்காம ஒரு சாமானும் வாங்க விடமாட்டாரு. எங்க வீட்டுல எல்லாமே ஓடுற சாமான்தாங்க."

கடைக்குள் யாரோ திறந்துவிட்டுப் போன இன்னொரு கதவை அப்துல் ஸமத் போய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"அஞ்சி வருஷம் கேரண்டி தாறாங்க," என்றார், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "ஆனா அதுக்கெல்லாம் அதுல எழுதல்ல."

செல்லச்சாமி இன்னொரு தடவை முயன்றான். கழுத்து நரம்பு எழும்பியது, பெட்டி எழும்பவில்லை. அவன் கையை எடுத்தான்.

"வா போவம்," என்றான்.

(இந்த இடத்தில் நல்லம்மாவுக்கு ஒரு வசனம் எழுதி வைத்திருந்தேன். நம்பிக்கை பற்றி, சமாதானம் பற்றி, பெண்மையின் மௌன வலிமை பற்றி. நீளமாக, அழகாக. அவள் அதைத் தொடவே இல்லை.)

"அன்னைக்கி என் கையில புள்ள இருந்திச்சி," என்றாள். "அதான் நீங்க ஒத்தையில தூக்குனீங்க. அது இப்ப கட்டுநாயக்கவுல வேலை பாக்குது. என் கை சும்மாத்தான இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான்.

"அங்கிட்டுப் புடிங்க," என்றாள்.

சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்தாள். பெட்டியின் அடியில் விரல்களை நுழைத்தாள். எதிர்ப்பக்கம் அவனும் குனிந்தான். எண்ணவில்லை, ஒன்று இரண்டு சொல்லவில்லை; மூச்சு மட்டும் ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தது. வெள்ளைப் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கமும் சம்மதித்து, தரையைவிட்டு ஒரு விரல் அளவு மேலே வந்தது.

6

இங்கே நிறுத்தியிருக்கிறேன்.

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை. 'அன்று பின்னேரமே லொறி பலாபத்வலவுக்கு வந்தது. முதல் போத்தலை நல்லம்மா தானே திறந்து' — எழுதும்போது எனக்கே தாகம் எடுத்தது. ஆனால் அவள் காதைப் பார்க்க முடியவில்லை, பேனாவை வைத்துவிட்டேன். 'பெட்டியை இறக்கிவைத்துவிட்டு இருவரும் பஸ்ஸுக்கு' — இதில் விவேகம் இருக்கிறது. விவேகத்தை வாசிக்க யார் காசு கொடுப்பார்கள்? கடைசியாக ஒன்று, ஸ்ரீஸ்கந்தராஜாவைக் கொண்டுவந்து, "ஓம், வாங்குங்கோ" என்று சொல்லவைத்தேன். அவர் படிவத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதையிலிருந்து வெளியேறிவிட்டார்.

விஷயம் இதுதான். எனக்கு இது 2003. நாளைக்கு ரோட்டில் என்ன போகும் என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்கிறவர்கள் எல்லாம் குளிரூட்டிய மண்டபத்தில் இருக்கிறார்கள். நீங்கள் எந்த வருடத்தில் இதை வாசிக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஆனால் என்னைவிடப் பிந்தித்தான் வாசிப்பீர்கள். அந்த ரோட்டுத் திறந்திருந்ததா, எத்தனை நாள் திறந்திருந்தது, அதில் யார் யார் எதை எதைத் தூக்கிக்கொண்டு எந்தத் திசையில் போனார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே முடிவு உங்களுடையது. நான் தப்பி ஓடவில்லை; கடை வாசலில்தான் நிற்கிறேன்.

உள்ளே அவர்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பெட்டியின் திறந்த கதவு வழியாக வெளிச்சம் நல்லம்மாவின் முகத்தில் விழுகிறது. செல்லச்சாமி எதையோ கண்டுபிடித்தவன்போல அவளையே பார்க்கிறான். அப்துல் ஸமத் இரண்டு கையையும் நீட்டியபடி, பெட்டியைத் தாங்கவா அவர்களைத் தாங்கவா என்று தெரியாமல் நிற்கிறார். அவர்களுக்குக் கை கடுக்கத் தொடங்கிவிட்டது.

எங்கே இறக்கி வைக்கலாம் என்று சீக்கிரம் சொல்லுங்கள். அந்த ரோட்டைப் பற்றி மட்டும் அவர்களிடம் வாய் திறக்க வேண்டாம்.