சாலைக்கு அந்தப் பக்கம்

வெள்ளத்தை இறைக்கிற பம்பு ஓடிக்கொண்டிருந்தபோது அட்ராக்டா கதவைத் தட்டினாள். எங்கள் ஊரில் தெரிந்தவர்கள் யாரும் தட்டுவதில்லை, பின்வாசல் வழியாக வந்து நிற்பார்கள். என் கணவன் மாலக்கியோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவள், சாலைக்கு அந்தப் பக்கம் பள்ளத்து வீட்டில் தனியாக இருப்பவள், சேறு படிந்த ரப்பர் பூட்ஸோடு முன்வாசலில் நின்றாள்.

இந்த ஊரை அமைத்தவர்களுக்குப் புத்தி இருந்ததா என்று எனக்குச் சந்தேகம். தேவாலயத்தை மேட்டில் கட்டினார்கள். கல்லறைத் தோட்டமும் மேட்டில். செத்தவர்களுக்கு ஈரம் படக்கூடாதாம். உயிரோடு இருக்கிறவர்கள் மட்டும் பள்ளத்தில், டர்லாக் என்கிற தாழ்நிலத்தைச் சுற்றி. கோடையில் அது மாடு மேயும் புல்வெளி, மழைக்காலத்தில் ஏரி. ஆறு எதுவும் வந்து அதை நிரப்புவதில்லை. அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறைப் பொந்துகள் வழியாகத் தண்ணீர் மேலே வரும், வந்த வழியே போகும். இந்த வருடம் வந்தது, போகவில்லை. மணல் மூட்டை அடுக்கி என்ன பயன்? சமையலறைத் தரைக்கு அடியிலிருந்தே ஊறியது. மாலக்கி பம்பைக் கொண்டுவந்து, குழாயைச் சாலைக்குக் குறுக்கே அந்தப் பக்கம், அட்ராக்டா வீட்டுப் பள்ளத்தில் விழும்படி போட்டான். வேறு எங்கே போடுவது? இந்தப் பக்கம் எல்லாமே ஏரி.

"டீ குடிக்கிறியா?" என்றேன்.

"ஐயோ வேணாம், இப்பதான் குடிச்சேன்."

மூன்றாவது முறை கேட்டதும் உட்கார்ந்தாள். அதுதான் இங்கே முறை.

"ஃபாதர் நேத்து மழை நிக்கணும்னு ஜெபம் பண்ணாரு," என்றாள்.

"அவருக்கென்ன, மேட்டுல உக்காந்துகிட்டு பண்ணலாம்," என்றான் மாலக்கி.

சிரித்தோம். பம்புச் சத்தத்தில் பாதிச் சிரிப்பு கேட்கவில்லை.

"கோழிங்கள மாடி ரூமுக்கு ஏத்திட்டேன்," என்றாள், டீயைப் பார்த்தபடி. "நல்லாத்தான் தூங்குதுங்க. என்னைவிட."

பம்பை நிறுத்து என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சண்டையாவது போட்டிருக்கலாம். கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, "தரைய நல்லா காய வெச்சிருக்க, ஃபிலோமினா," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"இப்ப என்ன பண்ணச் சொல்ற?" என்றான் மாலக்கி.

"நான் ஒண்ணும் சொல்லலயே."

"அதான் தெரியுதே."

வெளியே போனான். பம்பு நின்றது. காது அடைத்தாற்போல் அமைதி.

உருளைக்கிழங்கு வேகிற நேரம்கூட ஆகவில்லை. தரைக்கற்களின் இடுக்கில் நீர் மினுங்கியது. பிறகு மேசைக் கால்களைச் சுற்றி வந்தது. ஏரிமீது எனக்குக் கோபம் வரவில்லை. அட்ராக்டாமீதும் அவளுடைய மரியாதைமீதும்தான் வந்தது. அழுதேன். மாலக்கி நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் வைத்தான்.

மாலையில் இருவரும் முன்வாசலுக்கு வந்து பார்த்தோம். குழாயிலிருந்து ஒரு சொட்டும் விழவில்லை. ஆனாலும் அந்தப் பக்கம் தண்ணீர் அவள் வாசற்படியைத் தாண்டியிருந்தது. எங்கள் குழாய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது அங்கேயும் தரையிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. நடுவில் சாலை எது என்று தெரியவில்லை.

அட்ராக்டா வாளியும் கையுமாக வாசலுக்கு வந்தாள். பம்பு ஓடாததை அப்போதுதான் கவனித்தவள்போல் எங்களையே பார்த்தாள்.

மாலக்கி ஒரு விரலைத் தூக்கினான், எதிரே கார் வந்தால் வணக்கம் சொல்ல ஸ்டியரிங்கிலிருந்து தூக்குவோமே, அதுபோல. பதிலுக்கு விரலைத் தூக்க அவள் வாளியைக் கீழே வைத்தாள். அது மிதந்து, மெல்ல எங்கள் பக்கம் வரத் தொடங்கியது.