மாமனும் ஐந்து பதக்கங்களும்

நீரிணையின் குளிர்காற்று பழங்கோட்டை மண்மேட்டுப் புல்லை வருடிச் செல்ல, புரட்டாதி இளவெயில் சிவந்த ஓட்டுக்கூரைகளின்மேல் சாய்ந்து கிடக்க, தொழிற்கூடங்கள் ஓய்ந்திருந்த சனிக்கிழமை முற்பகலில், டென்மார்க்கின் பிரெடெரிசியா நகர்த் தேவாலய முன்றிலில் ஒரு திருமணக் கூட்டம் கூடியிருந்தது. ஈழத்தில் போர் ஓய்ந்து நான்கு திங்களே ஆகியிருந்தன. தந்தையை இழந்த மணமகள் நிலானியைக் கைப்பிடித்துப் பலிபீடம்வரை அழைத்துச் செல்ல வேண்டிய தாய்மாமன் றொபேட், அவளைக் காட்டிலும் நெடுநேரம் கண்ணாடி பார்த்து முடித்து, மேலங்கியில் ஐந்து பதக்கங்கள் குலுங்க வந்து நின்றார்.

கற்றறிந்தோரே, அவர் வரலாறு விரித்துரைக்கத் தக்கதன்று. மட்டக்களப்பிற் பிறந்து, போருக்கு முன்னரே இலங்கை வான்படையிற் சேர்ந்து, தம் மக்கள்மேல் குண்டு விழத் தொடங்கிய பின்னும் விலகாது, விழுத்துவோர் வரிசையில் தாமும் அமர்ந்து, சிறகணித் தலைவராய் உயர்ந்து ஓய்வுபெற்றவர். ஒரு பதக்கம் நெடும்பணிக்கு. அதாவது, நரைக்கும்வரை ஓடிப்போகாமைக்கு. ஒன்று படையின் ஆண்டுவிழாவுக்கு. அந்நாளில் உயிரோடிருந்த சமையற்காரருக்கும் அது கிடைத்தது. நன்னடத்தைக்கென ஒன்று, மேலிடத்தை ஏனென்று கேளாத நாவுக்கு. நான்காவது எதற்கென்பதை அவரே மறந்திருந்தார். ஐந்தாவதை மட்டும் மறக்கவில்லை.

அந்த ஐந்தாவதைத்தான் மணமகனின் தாய் எமிலியா பார்த்தாள். வன்னியில் பதுங்குகுழி வாயிலில் மூத்த மகளை வான்குண்டுக்குப் பறிகொடுத்து, எஞ்சிய ஒரே மகன் அன்ரனியோடு இந்நாடு வந்து சேர்ந்தவள் அவள்.

“இது எதுக்குத் தந்தது?”

“வன்னிக்கு ஒரே நாளில மூண்டு தரம் போய் வந்ததுக்கு,” என்றார் பெருமிதத்தோடு.

“கீழ ஆக்கள் இருந்தவையே?”

“அந்த உயரத்தில ஆரு எவர் எண்டு தெரியாது. சொன்ன இடத்தில போடுறதுதான் எங்கட வேலை.”

எமிலியா கூச்சலிடவில்லை. வெளியேயிருந்த கல்லிருக்கையிற் போய் அமர்ந்தாள். “இந்தாள் இதோட உள்ள போனா நான் வரமாட்டன்,” என்றாள். தாயின்றித் தானும் உள்ளே போவதில்லையென அன்ரனி அவளருகே நின்றுகொண்டான். மணியடிக்கும் நேரம் நெருங்கிற்று.

மணமகளின் தாய் மேரிகிறேஸ் தமையனிடம் ஓடினாள். “அண்ணன், அரை மணித்தியாலம் கழட்டி வைங்க. கலியாணம் நிண்டு போகப்போகுது.”

“உயிரைக் குடுத்து வாங்கினது இதெல்லாம். ஒளிச்சு வைக்கச் சொல்றியா?”

எவருடைய உயிரை என்பதை அவர் சொல்லவில்லை.

வீட்டில் டேனிய மொழியிலேயே விடை சொல்லிப் பழகிய நிலானி, அன்று மாமனுக்குத் தெளிவாய் விளங்கவேண்டுமெனத் தமிழிற் பேசினாள். “மாமா, என்ட கையைப் பிடிக்கிறதெண்டா அதைக் கழட்டுங்க. அதுதான் வேணுமெண்டா வெளியில நில்லுங்க.”

அவள் நீட்டிய கையை அவர் பார்த்தார். தம் மார்பைப் பார்த்தார். பெருவிரலை உயர்த்தி, சற்றே சரிந்திருந்த ஐந்தாவது பதக்கத்தை நேராக்கினார்.

நிலானி கல்லிருக்கையை நோக்கி நடந்தாள். “மாமி, நீங்க என்னைக் கூட்டிக்கொண்டு போங்க.”

எமிலியா அவள் நீட்டிய கையைப் பார்த்தாள். மகள் கையைக் கடைசியாய்ப் பிடித்த அதே பிடியில் அதைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். அன்ரனி முன்னே செல்ல, இருவரும் படியேற, மணி ஒலித்தது, கதவு சாத்தப்பட்டது.

வெளியே விறைப்பாய் நின்றவரை, நாயோடு சென்ற டேனிய முதியவர் ஒருவர் வாயிற்காவலரென எண்ணி, நல்ல நாளென்று வாழ்த்திப் போனார். பதக்கமளித்த அரசுக்கு இனி அவரால் ஆவதொன்றில்லை. பெற்றெடுத்த இனத்துக்கோ என்றுமே ஆனதில்லை. உள்ளே பாடல் தொடங்கிற்று. அவர் பேரை எவரும் கேட்கவில்லை.