கொடியில் நாலு சட்டை

வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருகிற அன்று கிழிந்த சேலையைக் கட்டிக்கொள், டிவியைப் போர்வை போட்டு மூடு, தலையைச் சீவாதே என்று எஸ்டேட் லைன் வீடுகளில் ஆளாளுக்கு சுஜாதாவுக்குப் புத்தி சொன்னார்கள். புருஷன் கைவிட்டவளுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்கிறது என்றால், அவள் கைவிடப்பட்டவள் மாதிரித் தெரிய வேண்டாமா? பார்த்த கண்ணுக்குப் பாவமாக இருந்தால்தானே ஆபீசரின் பேனா ஓடும். சுஜாதாவுக்கு அந்த வித்தை வரவில்லை. வீட்டுக்கு ஒரு மனிதர் வருகிறார், வீடு வீடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். முந்தின நாளே தரையைத் தேய்த்துக் கழுவினாள். இருந்த துணியையெல்லாம் துவைத்து வாசல் கொடியில் காயப்போட்டாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில் அவள் தற்காலிகத் தொழிலாளி. கொழுந்து வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வயிற்றில் ஈரத்துணிதான். திருப்பூருக்கு வேலைக்குப் போகிறேன் என்று வினோத் பஸ் ஏறி ஆறு வருடம் ஆகிறது. போனவன் போனவன்தான். மகள் மகாலட்சுமி ஐந்தாம் வகுப்பு முடிக்கிறாள். "ஆறாவதுக்குப் பாப்பாவ இங்க கொண்டாந்து விட்டுரு, உன்னால தனியா முடியாது" என்று ஊட்டி காந்தலில் இருக்கும் அண்ணன் வசந்தகுமார் போனில் சொல்லிக்கொண்டே இருந்தான். அண்ணன் நல்லவன்தான். ஆனால் அண்ணிக்கு இரண்டு கைக்குழந்தைகள். அங்கே போனால் மகாவின் கையில் புத்தகம் இருக்காது, பால் பாட்டில்தான் இருக்கும் என்பது சுஜாதாவுக்குத் தெரியாதா? மாதாமாதம் நிலையாக ஏதாவது வந்தால் பிள்ளை தன்னோடு இருக்கும். வராவிட்டால் மே மாதம் ஊட்டி பஸ் ஏறும். பரீட்சை முடிகிற அன்றைக்கே வி.ஏ.ஓ.வும் வருகிறார் என்றதும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டு வேலாமணியோடு பேச்சு வார்த்தை இல்லை. தைப்பொங்கல் சமயத்தில் குழாயடியில், "ஓடிப்போனவன் பொண்டாட்டிக்கு கவர்மெண்ட் சம்பளம், கூட இருந்து சீரழியறவளுக்கு ஒண்ணுமில்ல" என்று வேலாமணி பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னாள். சுஜாதா சும்மா இருந்திருக்கலாம். "உங்க ஊட்டுக்காரர் குடிக்கறதுக்கு நான் என்னங்க பண்றது" என்று கேட்டுவிட்டாள். அதோடு சரி. சுவருக்கு இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கிற வீடுகளில் இரண்டு பேரும் முகம் பார்க்காமல் இருந்தார்கள்.

மத்தியானம் வி.ஏ.ஓ. இசக்கி வந்தார். தூத்துக்குடி டவுனில் பிறந்து வளர்ந்தவர், பரீட்சை எழுதி வந்த முதல் வேலை. தேயிலையை அதுவரை டம்ளரில் மட்டும் பார்த்தவர். உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை. கொடியைப் பார்த்தார். ஆம்பளைச் சட்டை நாலு, முழுக்கை, காற்றில் ஆடிக்கொண்டிருந்தன. கதவோரம் ஒரு ஜோடி ரப்பர் கம்பூட்ஸ்.

"இது யார் சட்டைம்மா?"

"அவரோடதுங்க சார்."

உண்மையைச் சொன்னாள், மாட்டிக்கொண்டாள்.

"அப்ப வந்து போறாரா?"

"இல்லைங்க சார். விட்டுட்டுப் போனதுங்க. நான்தான் வேலைக்குப் போட்டுட்டுப் போறேன்."

"நாலையுமா? பூட்ஸும் நீங்கதான் போடுதீங்களா?"

"ஆமாங்க."

இசக்கி சிரித்தார். "எல்லாரும் இப்படித்தாம்மா சொல்லுதாங்க. போன வாரம் ஒரு ஊர்ல, புருஷனைப் பரண்ல ஏத்தி வச்சுட்டு ஒரு அம்மா எங்கிட்ட கண்ணீர் விட்டு அழுதுச்சு. மேல இருந்து தும்முதான்."

சுஜாதாவுக்குக் கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. பரண் பக்கம் அவர் கண் போனதைப் பார்த்தபோது மகா பஸ் ஜன்னலில் உட்கார்ந்து போவது கண்ணுக்கு முன்னால் வந்தது.

"சரி, பக்கத்துல விசாரிச்சுக்கிடுதேன்" என்று அவர் திரும்பினார். சாப்பாட்டு நேரத்துக்கு வந்திருந்த வேலாமணி தன் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வேறு யார் வாசலிலும் ஆளில்லை. முடிந்தது கதை என்று சுஜாதா நினைத்தாள்.

"ஏம்மா, இந்த வீட்டுல ஆம்பள யாரும் இருக்காங்களா?"

வேலாமணி, சேலைக்கு மேல் கட்டம் போட்ட ஆம்பளைச் சட்டை, இடுப்பில் ஈரம் படாமல் சுற்றிய படங்கு, காலில் கம்பூட்ஸ், அப்படியே தோட்டத்திலிருந்து வந்த கோலத்தில் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க சார், நான் போட்டிருக்கறது யாரு சட்டைங்க?"

இசக்கி விழித்தார்.

"செடி கீறும், அட்டை கடிக்கும், குளுரு வேற. வெறும் சேலையோட காட்டுக்குள்ள போக முடியுங்களா? அங்க பாருங்க."

மேட்டுப் பாதையில் கொழுந்து மூட்டைகளோடு பெண்கள் நிறுவைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். கோடு போட்டது, வெள்ளை, யாரோ படித்த பள்ளிக்கூடத்துச் சட்டை, பெட்ரோல் பங்க் யூனிபாரம்கூட ஒன்று. அத்தனையும் ஆம்பளைச் சட்டை.

"இத்தனை பேரும் புருஷனை மூட்டையிலயா தூக்கிட்டு வராங்க? அவன் போயி ஆறு வருசமாச்சு சார். இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் நான் படுத்திருக்கறேன். ஆம்பளை மூச்சு கேட்டா எனக்குத்தான் மொதல்ல தெரியும்."

இசக்கியின் காது சிவந்துவிட்டது. நல்ல பிள்ளை, ஒத்துக்கொள்ளத் தெரிந்தது. "தெரியாம கேட்டுட்டேம்மா, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்று சுஜாதாவிடம் சொன்னார். "சரின்னு எழுதி அனுப்பிடுதேன். ஆர்டர் வர ரெண்டு மாசம் ஆகும், வந்துரும்." அப்புறம்தான் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

ஆர்டர் ஆடியில் வந்தது, அது வேறு விஷயம். சுஜாதாவுக்கு உயிர் வந்தது அப்போதே.

அவர் போனதும் அவள் வேலாமணி வாசலுக்குப் போனாள். "அக்கா" என்றாள்.

"உனக்குப் பரிஞ்சுக்கிட்டுப் பேசலை" என்றாள் வேலாமணி, சோற்றைப் பிசைந்தபடி. "எனக்கு வயித்தெரிச்சல்தான், இல்லைங்கல. உன்ர ஆளு ஓடிப்போனான், காசு வருது. எங்கூட்டுக்காரர் குடிச்சுட்டு இங்கயே கெடக்கறார், ஓடவும் மாட்டேங்கறார். எனக்கு யாரு குடுப்பா? அதுக்காக இல்லாத ஆம்பளையை உன் ஊட்டுல நான் குடி வெக்க முடியுமா?"

சுஜாதாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "அன்னிக்கு நானும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுங்க்கா."

"கேட்டது சரிதான். போயி சாப்புடு."

சாப்பிடுவதற்கு முன் அண்ணனுக்குப் போன் போட்டு, மகா வரவில்லை என்று சொன்னாள். அவன் யோசித்துச் செய் என்று ஏதேதோ சொன்னான். அவள் எல்லாவற்றுக்கும் சரிங்கண்ணா என்றாள், பாப்பா வரலைங்கண்ணா என்றாள்.

நாலு மணிக்கு மகா வந்தாள். விஷயத்தைச் சொன்னதும் துள்ளுவாள் என்று எதிர்பார்த்தால், பிள்ளை முகம் பேயறைந்ததுபோல ஆகிவிட்டது.

"என்ன கண்ணு, ஊட்டிக்குப் போகணும்னு ஆசையா இருந்துச்சா?"

"இல்லம்மா. நான் ஊரை விட்டுப் போறேன்னு கிளாஸ்ல எல்லாரும் ஆளுக்கொரு மிட்டாய் குடுத்தாங்க. எல்லாத்தையும் தின்னுட்டேன். இப்போ திருப்பிக் கேப்பாங்களே."

சுஜாதா அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்தது.

"மனசாரக் குடுத்ததை வாங்கித் தின்னதுல தப்பே இல்ல, சாமி. யாராவது கேட்டா என்கிட்ட வரச் சொல்லு."