தெளியாத நம்பர்

கடைத்தெருவில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றுதான் பெயர். மங்கிப்போன வீடியோக்களைத் தெளிவாக்கித் தருவது பிழைப்பு. கல்யாணம், பிறந்தநாள் என்று அடுத்தவர் வீட்டு முகங்களையே பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போயிருந்தது. மனைவி சொட்டு மருந்து கொடுத்தனுப்புவாள். அதைப் போட்டுக்கொள்ளவும் அலுப்பு.

அன்று மத்தியானம் ஒரு தையல்கார அம்மா வந்தாள். கல்லூரிக்குப் போன அவளுடைய மகனை ஒரு கார் இடித்துவிட்டு நிற்காமல் போயிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான். எதிரிலிருந்த மருந்துக்கடையின் கேமராவில் பதிந்ததை பென் டிரைவில் வாங்கி, கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.

“நம்பர் மட்டும் தெரிஞ்சாப் போதும் தம்பி. போலீஸ்ல தெரியலன்னுட்டாங்க.”

ஓட்டிப் பார்த்தார். கண்மூடித் திறப்பதற்குள் கார் கடந்தது. நம்பர் இருக்கவேண்டிய இடத்தில் நாலைந்து சாம்பல் கட்டங்கள்தான். மென்பொருளில் போட்டார். சிறிது நேரத்தில் பளிச்சென்று ஒரு நம்பர் வந்து நின்றது. அந்த அம்மா நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள்.

“இதேதான்! எழுதிக் குடுங்க.”

“உட்காருங்கம்மா.” காட்சியைச் சற்று முன்னே தள்ளி மறுபடி ஓட்டினார். வேறு நம்பர் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினார். அது இன்னொன்று.

“இது பார்த்துச் சொல்லல, இட்டுக்கட்டிச் சொல்லுது. இதை நம்பினா, சம்பந்தமே இல்லாத யாரோ தலையில பழியைப் போட்டுடுவோம்.”

“ஏதாவது ஒண்ணைக் குடுத்துடேன்ப்பா. எனக்கு ஒரு ஆள் வேணும்,” என்றாள். அந்தக் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

வீடியோ அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போலீஸிலும் சரி, மருந்துக்கடையிலும் சரி, கார் போனதுமே நிறுத்திவிட்டார்களாம். அதற்குமேல் பார்க்க அவளுக்கும் தெம்பு இருந்ததில்லை. சாலையோரத்திலிருந்து கறை போல ஓர் உருவம் வந்து பையனின் பக்கத்தில் உட்கார்ந்தது. ஆம்புலன்ஸ் வரும்வரை நகரவில்லை.

“யாரது?” என்றாள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பறந்துபோன காரைப் பிடிக்க முடியாது. அசையாமல் இருப்பவரைப் பிடிக்கலாம். கேமரா அந்த ஆளைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கிறது. அத்தனை படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், இட்டுக்கட்டாமலே படம் கொஞ்சம் தெளியும். சாயங்காலம் வரை அடுக்கினார். முகம் வரவில்லை. துப்புரவு வேலைக்காரர்கள் போடும் ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை வந்தது. மடியில் பையனின் தலை. அவன் நெற்றியில் வெயில் படாமல் மறைத்துப் பிடித்த ஒரு கை.

“தனியாக் கெடந்தான்னு சொன்னாங்களே...” அந்த அம்மா திரையில் தெரிந்த அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தாள். படத்தை அச்செடுத்துக் கொடுத்தார்.

சில நாள் கழித்துப் போன் செய்தாள். அந்தத் தெருவைக் கூட்டுகிறவளைத் தேடிப் பிடித்துவிட்டாளாம்.

“அவகிட்ட பேசினானாம் தம்பி. செருப்பு ஒண்ணைக் காணோம், அம்மா திட்டுவாங்கன்னானாம். நான் எங்கப்பா திட்டப்போறேன்?”

“காரு?” என்று கேட்டார்.

“கிடைக்கல. கிடைக்கும்னும் தோணல. வெச்சிடறேன்ப்பா, தைக்கிறதுக்குத் துணி குவிஞ்சு கெடக்கு.”

அவருக்கும் ஒரு கல்யாண வீடியோ காத்திருந்தது. மாப்பிள்ளை வீட்டார் காலையிலிருந்து நச்சரிக்கிறார்கள். அதைத் திரையில் போட்டுவிட்டு, மனைவி கொடுத்தனுப்பிய சொட்டு மருந்தைத் தேடியெடுத்துக் கண்ணில் விட்டுக்கொண்டார்.